கடற்படை ஒன்றாயிருந்தால்? நடவாத வரலாற்றின் ஒரு கணக்கு

நடந்தது நடந்துவிட்டது, நடக்காததைப் பேசி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. வியாபாரத்தில் இருப்பவன் அப்படிக் கேட்கமாட்டான். வருஷக் கடைசியில் பேரேட்டை மூடும்போது, "அந்தச் சரக்கை அப்போதே எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று ஒரு கணக்கு மனசில் ஓடத்தான் செய்யும். அடுத்த வருஷக் கொள்முதலுக்கு அதுதான் வழிகாட்டி. சமணத் தருக்கத்தில் 'சியாத்' என்றொரு சொல் உண்டு. 'ஒரு நோக்கில்' என்பது அதன் பொருள். எதையும் ஒரே முடிவாகச் சாதிக்காமல், எந்த இடத்தில் நின்று பார்த்தால் எது உண்மை என்று சொல்லிப் பழகும் முறை அது. நடவாத வரலாற்றைப் பேசுகிறவனுக்கும் அந்த நிதானம் வேண்டும்.

எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் இருந்து, பின்னாளில் காமன்வெல்த் என்று பெயர் பெற்ற நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே கடற்படை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை 1887 தொடங்கி எழுபது வருஷம் உயிரோடு இருந்தது. மூன்று தடவை கைக்கெட்டும் தூரம் வரை வந்தது. மூன்று தடவையும் கைநழுவிப் போனது. கைகூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதில் இந்தியாவுக்கும் நம் சென்னைக்கும் என்ன சம்பந்தம்?

சந்தா கட்டிய கதை

1887இல் விக்டோரியா மகாராணியின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு லண்டன் வந்த குடியேற்ற நாட்டுத் தலைவர்களை உட்கார வைத்து ஒரு மாநாடு நடத்தினார்கள். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்துக் குடியேற்றங்கள் வருஷத்துக்கு 1,26,000 பவுண்டு தருவது, பதிலுக்கு 5 குரூசர்களும் 2 டார்பிடோ பீரங்கிப் படகுகளும் அவர்கள் கடலில் நிற்பது என்று ஒப்பந்தமானது. அவர்கள் கெட்டிக்காரர்கள். எங்கள் சம்மதம் இல்லாமல் இந்தக் கப்பல்கள் எங்கள் கடலை விட்டுப் போகக் கூடாது என்று நிபந்தனை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

1902இல் மறுபடி மாநாடு. ஆஸ்திரேலியா 2,00,000 பவுண்டு, நியூஸிலாந்து 40,000, கேப் காலனி 50,000, நேட்டால் 35,000, நியூஃபவுண்ட்லாந்து 3,000 என்று தொகை ஏறியது. கனடா மட்டும் ஒரு காசு தரமாட்டேன் என்றது. எங்கள் பணம், எங்கள் பார்லிமெண்ட், எங்களுக்கு வேண்டுமானால் நாங்களே கப்பல் வைத்துக்கொள்வோம் என்பது அவர்கள் வாதம்.

இந்தியா? வருஷத்துக்கு 1,00,000 பவுண்டு லண்டன் அட்மிரால்டிக்குக் கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் தன் செலவில் ராயல் இந்தியன் மரைன் என்ற ஒரு துறையையும் நடத்தியது. பட்டாளத்தை ஏற்றி இறக்குவதும் கடல் ஆழத்தை அளப்பதும் அதன் முக்கிய வேலை. பணத்தை எடுத்துக் கொடுத்தது வைஸ்ராய் அரசாங்கம். உப்புக்கும் நிலத்துக்கும் வரி கட்டிய ஜனங்களை ஒருவரும் கேட்கவில்லை. சந்தாப் புத்தகத்தில் பெயர் இருந்தது, பொதுக்குழுவில் நாற்காலி இல்லை. சங்கம் நடத்துகிற நமக்கு இந்த நிலைமையை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

முதல் தருணம்: 1909

1909 மார்ச்சில் லண்டனில் ஒரு பெரிய பீதி கிளம்பியது. டிரெட்நாட் என்ற புது மாதிரிப் போர்க்கப்பலை ஜெர்மனி பிரிட்டனைவிட வேகமாகக் கட்டிவிடும் என்று பத்திரிகைகள் அலறின. நியூஸிலாந்துப் பிரதமர் ஜோசப் வார்டு, "எங்கள் செலவில் ஒரு கப்பல் தருகிறோம், தேவைப்பட்டால் இரண்டு" என்று தந்தி அடித்தார். அப்போது அந்த நாட்டின் ஜனத்தொகையே சுமார் 10 லட்சம். கடன் வாங்கித்தான் கட்டினார்கள். 'நியூஸிலாந்து' என்று பெயரிட்ட அந்தக் கப்பலை 1922இல் பழைய இரும்புக்கு விற்ற பிறகும் அவர்கள் கடன் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் கூடிய மாநாட்டில் ஒரு நல்ல திட்டம் உருவானது. ஒரு பெரிய போர்க் குரூசர், 3 இலகு குரூசர்கள், 6 டிஸ்ட்ராயர்கள், 3 நீர்மூழ்கிகள் சேர்ந்தால் ஒரு 'அணி'. ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று, சீனக் கடலுக்கு ஒன்று, இந்தியக் கடலுக்கு ஒன்று என மூன்று அணிகள். போர் வந்தால் மூன்றும் சேர்ந்து ஒரே பசிபிக் கடற்படை.

மூன்றில் ஆஸ்திரேலிய அணி மட்டுமே திட்டப்படி உருவானது. 1913 அக்டோபரில் அது சிட்னி துறைமுகத்துக்குள் நுழைந்தபோது ஊரே கரையில் திரண்டது. சீனக் கடலுக்கு என்று பேசிய 'நியூஸிலாந்து' கப்பலை அட்மிரால்டி வடகடலிலேயே நிறுத்திக்கொண்டது. கனடாவில் பிரதமர் போர்டன் 3 டிரெட்நாட்களுக்கு 3.5 கோடி டாலர் தருவதாக மசோதா கொண்டுவந்தார். 1913 மே மாதம் அந்நாட்டு செனட் அதைத் தள்ளிவிட்டது. இந்தியக் கடல் அணி காகிதத்திலேயே நின்றுபோனது.

சென்னையில் விழுந்த குண்டு

காகிதத்தில் நின்றதன் பலனைச் சென்னை அனுபவித்தது. 1914 செப்டம்பர் 22, இரவு 9 மணிக்கு மேல். கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த ஜெர்மன் குரூசர் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே நின்று நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியூர்களுக்குக் கிளம்பினார்கள். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தச் சொல் அன்றைக்குத்தான் தமிழுக்குள் நுழைந்தது.

அப்போது இந்தியக் கடல் காவலுக்கு இருந்தவை ஸ்விஃப்ட்ஷூர் என்ற பழைய போர்க்கப்பல், டார்ட்மவுத் என்ற இலகு குரூசர், ஃபாக்ஸ் என்ற கிழட்டுக் குரூசர். அரபிக் கடலுக்கும் வங்கக் கடலுக்கும் சேர்த்து இவ்வளவுதான். வருஷம் 1,00,000 பவுண்டு கட்டிய வீட்டுக்கு வாசலில் காவலாள் இல்லை.

1909 திட்டப்படி இந்திய அணி இருந்திருந்தால்? எம்டனைவிட வேகமான இலகு குரூசர்கள் கொழும்பிலோ சென்னையிலோ இருந்திருக்கும். முல்லர் வங்கக் கடலுக்குள் அவ்வளவு சுலபமாக வந்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். இதற்கு ஆஸ்திரேலியாவே சாட்சி. முல்லரின் தலைவரான அட்மிரல் ஃபான் ஸ்பே, 'ஆஸ்திரேலியா' என்ற அந்த ஒரு போர்க் குரூசரை நினைத்தே தன் படையோடு அந்தப் பக்கத்தைத் தவிர்த்து தென் அமெரிக்கா நோக்கிப் போனார். ஆனால் கடல் பெரிது. ஒற்றைக் கப்பலைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. சென்னை தப்பியிருக்கும் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. 'சியாத்' என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

அந்த எம்டனை முடித்தது யார் என்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். 1914 நவம்பர் 9, கொக்கோஸ் தீவு அருகே. ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துச் சிப்பாய்களை ஏற்றிப் போன கப்பல் கூட்டத்துக்குக் காவலாக வந்த 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியக் குரூசர் பிரிந்து போய் எம்டனைத் தாக்கியது. எம்டனில் 134 பேரும் சிட்னியில் 4 பேரும் இறந்தார்கள். அத்தனையும் மனித உயிர். எந்தப் பக்கம் என்று பார்த்துத் துக்கப்பட முடியாது. சிட்னி கப்பலைக் கட்டியது கிளாஸ்கோ, அதன் கேப்டன் கிளாசப் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, கப்பலின் சொந்தக்காரர் ஆஸ்திரேலியா. போர் வந்ததும் தன் கப்பல்களை அட்மிரால்டியின் கட்டளைக்குக் கொடுத்தது ஆஸ்திரேலிய அரசு. சொத்து தனித்தனி, வேலை கூட்டு. இந்த ஏற்பாடு பலித்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தருணம்: 1918

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் அட்மிரால்டி நேரடியாகவே கேட்டது. போரிலும் சமாதானத்திலும் சாம்ராஜ்யம் முழுவதற்கும் ஒரே கடற்படை, ஒரே தலைமை. 1918 ஆகஸ்டில் டொமினியன் பிரதமர்கள் நடைமுறைக்கு ஒவ்வாது என்று மறுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அட்மிரல் ஜெல்லிக்கோ அதே 'நியூஸிலாந்து' கப்பலில் ஏறி நம் பம்பாய் தொடங்கி ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா என்று சுற்றினார். கீழைக் கடலுக்கு 8 போர்க்கப்பல், 8 போர்க் குரூசர் கொண்ட பெரும்படை வேண்டும், செலவில் பிரிட்டன் நூற்றுக்கு 75, ஆஸ்திரேலியா 20, நியூஸிலாந்து 5 என்று பங்கு பிரித்துக் கொடுத்தார். லண்டனிலேயே அதை ஏற்கவில்லை. போரில் பட்ட கடன் கழுத்தை நெரித்தது.

இங்கேதான் நம்மவர் ஒருவர் வருகிறார். கும்பகோணம் பக்கத்து வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி. போர்க்கப்பல்களுக்கு உச்சவரம்பு கட்டக் கூடிய வாஷிங்டன் மாநாட்டுக்கு இந்தியாவின் பிரதிநிதியாக அவர் போனார். 1922 பிப்ரவரி 6 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். பெரிய போர்க்கப்பல்களின் மொத்த எடை அமெரிக்காவுக்கு 5,25,000 டன், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு 5,25,000 டன், ஜப்பானுக்கு 3,15,000 டன். அன்றைக்கு இந்தியாவிடம் இருந்த பெரிய போர்க்கப்பல் எத்தனை? ஒன்றுகூட இல்லை. இல்லாத கப்பலுக்கு உச்சவரம்பு ஒப்புக்கொண்ட கையெழுத்து நம் சாஸ்திரியாருடையது. ஆனாலும் அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரு சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா என்ற பெயர் தனியே நின்றது, பின்னால் வந்த சுதந்திரத்துக்கு ஒரு சின்ன அத்தாட்சி.

ஒப்பந்தத்தில் வேறொரு வேடிக்கையும் உண்டு. 5,25,000 டன் என்பது சாம்ராஜ்யம் முழுவதற்கும் சேர்த்த கணக்கு. அதனால் ஆஸ்திரேலியா தன் சொந்தப் பணத்தில் வாங்கிய 'ஆஸ்திரேலியா' கப்பலும் கழித்துக்கட்டும் பட்டியலில் ஏறியது. 1924 ஏப்ரல் 12 அன்று சிட்னிக்கு வெளியே கடலில் அதை மூழ்கடித்தார்கள். பங்காளிகள் தனித்தனியாகத்தான் வியாபாரம் செய்தார்கள். நஷ்டம் பிரிக்கும்போது மட்டும் கூட்டுக் குடும்பம் என்றது சட்டம்.

1918இல் பிரதமர்கள் 'சரி' என்றிருந்தால்? ஒரே கடற்படை, ஒரே கவுன்சில். சிங்கப்பூரில் ஜெல்லிக்கோ கேட்ட பெரும்படை வந்திருக்குமா? வந்திருக்காது என்பது என் கட்சி. வாஷிங்டன் உச்சவரம்பு அப்படியேதான் இருந்திருக்கும். பணமும் அதே பணம்தான். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஒரே நேரத்தில் நெருப்புப் பிடித்தால், கட்டளை போடுகிறவன் தன் வீட்டு வாசலுக்குத்தான் முதல் குடம் தண்ணீரை அனுப்புவான். 1913இல் 'நியூஸிலாந்து' கப்பல் வடகடலில் நின்றதும் இதனால்தான். கீழைக் கடலுக்கு ஆஸ்திரேலியா தனியாக வைத்திருந்த கொஞ்சநஞ்சக் கப்பலும் பொதுவில் கலந்து போயிருக்கும்.

கப்பல்களுக்குப் பதிலாக சிங்கப்பூரில் ஒரு தளம் கட்டினார்கள். மலாய் சுல்தான்களின் கூட்டரசு 20 லட்சம் பவுண்டு, நியூஸிலாந்து 10 லட்சம் பவுண்டு கொடுத்தன. 1938இல் திறந்தார்கள். பூட்டு பிரமாதம், வீட்டுக்குள் ஆள் இல்லை. 1941 டிசம்பர் 10 அன்று 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' இரண்டும் ஜப்பானிய விமானங்களால் மூழ்கின. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5 கொழும்பு, 6 விசாகப்பட்டினம், காக்கிநாடா, 9 திருகோணமலை என்று வரிசையாகக் குண்டு விழுந்தது. சென்னை காலியானது. அரசாங்க அலுவலகங்களே உள்ளூர்களுக்கு இடம் மாறின. 'இவாக்குவேஷன்' என்ற சொல்லை நம் பாட்டிமார் பேச்சில் கேட்டிருப்பீர்கள். 1914இல் எம்டனுக்கு ஓடியவர்கள் 28 வருஷம் கழித்து மறுபடி ஓடினார்கள்.

பெங்கால் கப்பலும் தல்வார் தளமும்

ஒரு மாற்றம் நடந்திருந்ததையும் சொல்ல வேண்டும். 1934இல் ராயல் இந்தியன் மரைன், ராயல் இந்தியன் நேவி ஆனது. 1930களின் கடைசியில் அந்த 1,00,000 பவுண்டுச் சந்தாவும் நின்றது. அந்தப் பணத்துக்குப் பதில் இந்தியாவே குறைந்தது 6 காவல் கப்பல்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. 1939இல் இரண்டாயிரத்துக்கும் குறைவான ஆட்கள் இருந்த படை, போர் முடிவில் முப்பதாயிரத்தை நெருங்கியது.

1942 நவம்பர் 11 அன்று நடந்த சண்டை ஒன்று பலருக்குத் தெரியாது. 'பெங்கால்' என்ற சின்ன இந்தியக் கப்பல். சிட்னியில் கட்டியது, ஒரே ஒரு சிறு பீரங்கி. 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. கொக்கோஸ் தீவுக்கு அப்பால் பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட இரண்டு ஜப்பானியத் தாக்குதல் கப்பல்கள் எதிர்ப்பட்டன. பெங்கால் ஓடாமல் அவற்றை நோக்கியே திரும்பியது. சண்டையில் ஜப்பானியக் கப்பல் ஒன்று வெடித்து மூழ்கியது. பெங்காலும் ஒண்டினாவும் தப்பின. எம்டன் விழுந்த அதே கடல் பக்கம். சொத்து தனி, வேலை கூட்டு என்று மேலே சொன்னேனே, அதற்கு இது இரண்டாவது உதாரணம்.

கூட்டு என்பது மேல்தளத்தில் மட்டும் இருந்தால் போதாது. அதே படையில்தான் 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாய் தல்வார் தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மோசமான சாப்பாடு, அதிகாரிகளின் கேவலமான பேச்சு, வெள்ளை மாலுமிக்கு ஒரு சம்பளம் இந்தியனுக்கு ஒரு சம்பளம். கராச்சி, கல்கத்தா, சென்னை வரை பரவியது. பம்பாய்த் தெருக்களில் துப்பாக்கிச் சூடு நடந்து ஏராளமான பொதுஜனங்கள் இறந்தார்கள். பட்டேல் சொல்லி, 23ஆம் தேதி மாலுமிகள் சரணடைந்தார்கள். ஒரே கொடியின் கீழ் இருந்தும் ஒரே பந்தியில் உட்கார முடியவில்லை என்பதே அவர்களுடைய குறை.

மூன்றாம் தருணம்: 1949

1947இல் படை பிரிந்தது. கப்பல்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவுக்கு, ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு. 'காவேரி' நமக்கு வந்தது. 'கோதாவரி' பாகிஸ்தானுக்குப் போய் 'சிந்து' என்றும், 'நர்மதா' போய் 'ஜீலம்' என்றும் பெயர் மாறின. ஆறுகளுக்கும் பாகப்பிரிவினை.

1948இல் இந்தியா வாங்கிய முதல் குரூசர் 'டெல்லி'. அதன் பழைய பெயர் 'அக்கிலீஸ்'. 1939இல் தென் அமெரிக்காவின் பிளேட் நதி முகத்துவாரத்துக்கு வெளியே நடந்த புகழ்பெற்ற சண்டையில் நியூஸிலாந்து மாலுமிகளோடு நின்ற கப்பல் அது. 1949 ஏப்ரலில் லண்டனில் ஒரு புதுவழி கண்டார்கள். இந்தியா குடியரசாகும், ஆனாலும் காமன்வெல்த்தில் இருக்கும். நம் கடற்படைக்குத் தலைவராக 1958 வரை பிரிட்டிஷ் அதிகாரிகளே இருந்தார்கள். அந்த வருஷம் ஏப்ரல் 22 அன்று பொறுப்பேற்ற முதல் இந்தியர் செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி. 1950களில் திருகோணமலைக் கடலில் பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான், இலங்கைக் கப்பல்கள் ஒன்றாகப் பயிற்சி செய்தன. ஆம், இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்தே!

இதைப் பார்த்து ஆசைப்படாமல் இருக்க முடியுமா? சாம்ராஜ்யம் போய்விட்டது, எல்லோரும் சம உறுப்பினர். திருகோணமலையைத் தலைமையிடமாக வைத்து ஒரு கூட்டுக் கடற்படை அமைந்திருந்தால் எவ்வளவு செலவு மிச்சம்! இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே கப்பல்தளத்தில் சாப்பிட்டுப் பழகியிருக்குமே!

கணக்கை நீட்டிப் பார்த்தேன். 1956இல் வந்து முட்டுகிறது. அந்த அக்டோபர் கடைசியில் பிரிட்டனும் பிரான்சும் சூயஸுக்காக எகிப்தின் மேல் படையெடுத்தன. இந்தியா கடுமையாகக் கண்டித்தது. கூட்டுக் கடற்படை இருந்திருந்தால், செங்கல்பட்டுப் பையனும் ரத்னகிரிப் பையனும் போர்ட் சையத் மேல் குண்டு போட வேண்டியிருக்கும். மறுத்தால் 1946 மாதிரிக் கலகம். இது வெறும் கற்பனை இல்லை. நியூஸிலாந்தின் 'ராயலிஸ்ட்' குரூசர் அப்போது பிரிட்டிஷ் மத்தியதரைக் கடல் படையோடு சேர்ந்து இருந்தது. சண்டையில் கலக்க வேண்டாம் என்று அதன் அரசு கடைசி நேரத்தில் விலக்கிக்கொண்டது. நியூஸிலாந்தால் விலக்க முடிந்தது ஏன்? கப்பல் அதன் சொந்தக் கப்பல். மறு வருஷம் 1957இல் திருகோணமலைத் தளத்தையும் இலங்கை திரும்ப வாங்கிக்கொண்டது.

1965, 1971 சண்டைகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஒரே நாட்டுத் துறையில் கட்டிய கப்பல்கள், ஒரே பள்ளியில் படித்த அதிகாரிகள் எதிரெதிரே நின்றார்கள். 1971 டிசம்பர் 4 இரவு கராச்சிக்கு வெளியே மூழ்கிய 'கைபர்', 9ஆம் தேதி நாம் இழந்த 'குக்ரி' இரண்டும் பிரிட்டனில் பிறந்தவை. கூட்டுப் படை இருந்திருந்தால் இது தடுபட்டிருக்குமா? காஷ்மீர் தரையில் இருக்கிறது. தரையில் தீராத வழக்கு கடலில் தீராது.

ஐந்தொகை

வரவு செலவைக் கூட்டினால் எனக்குத் தெரிவது இது. மூன்று தருணங்களிலும் கப்பல் எத்தனை, பணம் எவ்வளவு என்று நுணுக்கமாகப் பேசினார்கள். எந்தச் சண்டைக்குப் போவது என்று முடிவு செய்கிற ஓட்டு யாருக்கு என்பதை மட்டும் பேசாமல் விட்டார்கள். முதல் போட்டவனுக்குக் கல்லாச் சாவியில் பங்கு இல்லையென்றால் அந்தக் கூட்டு வியாபாரம் நிலைக்காது. கனடா கொடுக்க மறுத்ததும், ஆஸ்திரேலியா தனியே வைத்துக்கொண்டதும் பலர் சொன்னதுபோல் சுயநலமாகத் தெரியவில்லை. மறுக்க வாயில்லாமல் கட்டிக்கொண்டே இருந்தது இந்தியா. அதற்குச் சென்னை இரண்டு தடவை விலை கொடுத்தது.

அதனால் சேர்ந்து இயங்குவதே தப்பு என்று ஆகாது. சிட்னி கப்பலும் பெங்கால் கப்பலும் காட்டிய வழி இருக்கிறது. 1971இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் செய்துகொண்ட ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு அந்த வழியில்தான் இன்றும் நடக்கிறது. நம் கடற்படை 1995இல் போர்ட் பிளேரில் தொடங்கிய 'மிலன்' கூட்டுப் பயிற்சிக்கு அண்டை நாட்டுக் கப்பல்கள் வருகின்றன, கூடிப் பழகுகின்றன, தங்கள் கொடியோடு தங்கள் ஊருக்குத் திரும்புகின்றன. அளவான உறவு, ஆயுசான உறவு.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குச் சென்னை போகும்போது ஒரு காரியம் செய்யலாம். உயர்நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவர்ப் பக்கம் எம்டன் குண்டு விழுந்ததைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. குழந்தைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள், சிட்னியில் பிராட்லிஸ் ஹெட் என்ற முனையில் நட்டு வைத்திருக்கும் அந்தக் குரூசரின் பாய்மரக் கம்பத்தையும் பார்த்துவிட்டு வரலாம். ஒரே கதையின் தொடக்கம் இங்கே, முடிவு அங்கே.